பதினோரு மணி எலி

"ரெண்டு கம்பெனி நெட்டு போட்டாச்சு, சிம்மும் சொருகியாச்சு. மூணும் ஒண்ணாவா சாகும், சொல்லுங்க சுடலை?" என்றான் சின்ன முதலாளி முகமது ரபீக்.

அந்த முதலிபாளையம் பனியன் கம்பெனிக்குச் சுடலை இன்டர்நெட் போன் மாட்டிக் கொடுத்து இருபது நாள்கூட ஆகவில்லை. யார் கூப்பிட்டாலும் மெஷினே பேசும். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சொல்லும். போன் செத்தால் மட்டும் அழைப்பு ஆபரேட்டர் நாகஜோதியின் செல்லுக்குத் தாவும். ஒரு மாதம் தடங்கல் இல்லாமல் ஓடினால் நாகஜோதியை நிறுத்திவிடலாம் என்பது ரபீக்கின் கணக்கு. ஆனால் தினமும் பதினோரு மணிக்குப் போன் செத்தது.

"நெட்டு சாகலைங்க. போன் பெட்டிக்கு வர்ற ஒயருதான் கழண்டு கிடக்கு. அதுக்கு எத்தனை லைன் போட்டும் பிரயோசனம் இல்ல."

"தானாவா கழலுது? அந்தம்மாதான் புடுங்குது. வேலை போயிரும்னு பயம். இன்னைக்கு உள்ள நின்னு பாருங்க. கையும் களவுமாப் புடிச்சுட்டா இப்பவே அனுப்பிடறேன்."

வெளியே வந்தபோது நாகஜோதி கேட்டாள். "சின்னவரு எம்மேல சந்தேகப்படுறாரா தம்பி?"

சுடலை ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அவரைச் சொல்லிக் குத்தமில்ல. இங்க துணியை அழுத்துற காம்பாக்டிங் மிஷின்லதான் எங்க வீட்டுக்காரருக்குக் கை போச்சு. மறுவாரமே பெரியவரு கூப்பிட்டு இந்த நாற்காலியில உக்கார வச்சாரு. ஒம்பது வருசம். இது போச்சுன்னா செக்கிங் டேபிள்ல போயி நிக்கணும். நாள் பூரா நிக்க என் முட்டி கேக்காது."

சுடலையின் அம்மா சாயப்பட்டறையில் நின்று நின்றே கால் வீங்கிப் படுத்தவள். அவன் போன் பெட்டி இருந்த அறைக்குள் போனான்.

பதினோரு மணிக்கு டீ பெல் அடித்தது. கட்டிங் வேஸ்ட் துணி மூட்டைகளுக்குப் பின்னால் சுடலை குத்தவைத்திருந்தான். கதவு மெதுவாகத் திறந்தது. நடுங்குகிற கை ஒன்று நீண்டு ஒயரைப் பிடுங்கியது. எங்கோ ஒரு செல் அடித்தது. சுடலை ஆளை நன்றாகப் பார்த்தான்.

"புடிச்சீங்களா?" என்றான் ரபீக்.

"எலிங்க."

"எலி மணி பார்த்தா வருது?"

"எல்லாரும் டீக்குப் போற நேரங்க. ஆள் இல்லாதப்பத்தான எலி வரும்."

"பெட்டியை வேற ரூம்ல மாட்டிருங்க."

"அங்கயும் வரும். எத்தனை லைன் போட்டாலும் கடைசியில ஒரு ஆளு கையில போன் இருக்கணுங்க. அந்த அக்காவை எடுத்துட்டா, சரக்கு வாங்குற பையர் கூப்பிடும்போது யாரு பேசுவா?"

ரபீக் நாற்காலியில் சாய்ந்தான். "சரி, இருந்துட்டுப் போகட்டும்."

கேட்டருகே சுடலை பைக்கை எடுக்கும்போது ரபீக்கின் அத்தா, பெரியவர் பசீர் அகமது, வந்து ஹேண்டிலைப் பிடித்தார்.

"எலின்னு சொன்னீங்களாமா?"

"வேற என்னன்னு சொல்ல முதலாளி? உங்க பேரையா சொல்ல முடியும்?" சுடலை அவருடைய நடுங்கும் கையையே பார்த்தான். "அந்த அக்காவை நிறுத்தாதேன்னு மகன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சு போச்சுல்லா?"

"ஏன்னு அவன் கேப்பானுங்க."

"கேட்டா என்ன?"

பெரியவர் ஹேண்டிலை விட்டார்.

"வேகமா ஓடட்டும்னு அவ வீட்டுக்காரர் கை போன மிஷின்ல தடுப்பைக் கழட்டச் சொன்னவன் நாந்தானுங்க," என்றார். "அது அவனுக்கும் தெரியாது, நாகஜோதிக்கும் தெரியாது."