பலகை மூலையில் ஓர் எண்

பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்டுவதற்காக, தேறாத பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பிலேயே கழித்துவிடுவது அந்தப் பள்ளியின் வழக்கம். "ஓட முடியாதவங்க ஒதுங்கித்தான் ஆகணும்" என்று தாளாளர் சொல்லிக்கொடுத்ததைக் கணக்கு டீச்சர் சற்குணம், கணக்கில் தேறாத பூமாரியின் அப்பாவிடம் அப்படியே ஒப்பித்தார். அப்பா மாற்றுச் சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "இத்தனை நாளா உங்களுக்குத் தொந்தரவு குடுத்துட்டோம், டீச்சரம்மா" என்று கும்பிட்டார். சற்குணத்தால் அந்த முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. பை எடுக்கப் போன பூமாரியைத் தேடி வகுப்புக்கு நடந்தார். தினமும் கரும்பலகை மூலையில் மாணவர் எண்ணிக்கையை எழுதுவது அவள் வேலை. நாற்பத்திரண்டை அழித்து நாற்பத்தொன்று என்று எழுதிவிட்டுத் திரும்பினாள்.

"இதாவது சரியா இருக்கா, டீச்சர்?"