எந்தக் கம்பெனி, எந்த மாடல்

படுதாவை விலக்கியதும் அவன் முதலில் பார்த்தது முன் சக்கரத்தைத்தான்.

டயர் எரிந்து போய் ரிம் மட்டும் கருகிக் கிடந்தது. கையை விரித்துச் சாண் போட்டுப் பார்த்தான். பத்து இஞ்ச்.

அக்கா வீட்டுக்காரர் வண்டிக்கும் பத்து இஞ்ச்தான்.

"என்ன கம்பெனி, என்ன மாடல்னாவது சொல்ல முடியுமான்னு பாருங்க" என்றார் போலீஸ்காரர். நம்பர் பிளேட் போன இடம் தெரியவில்லை. சேஸிஸ் நம்பரைச் சுரண்டி எடுத்து அனுப்பியிருக்கிறார்களாம். யார் பெயரில் இருக்கிறது என்று தெரிய நாளைக்கு ஆகிவிடுமாம். ஓட்டி வந்தவர் ஆஸ்பத்திரிப் பிணவறையில் இருக்கிறார். முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்கிற நிலையில் இல்லை.

லாரி மோதியது பைபாஸில். மாமா பைபாஸ் பக்கம் போகிற ஆளே இல்லை. வயரிங் வேலைக்குக் கிளம்பினால் இவன் கடையைத் தாண்டித்தான் போவார். ஆனால் காலையில் போனவர் இன்னும் போனை எடுக்கவில்லை. ஸ்கூட்டர் ஒன்று எரிந்துவிட்டது என்று காதில் விழுந்ததிலிருந்து அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அவள் போலீஸ் ஸ்டேஷன் கேட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "என்ன வண்டின்னு பாத்துட்டு வந்து சொல்லு" என்று தம்பியை மட்டும் உள்ளே அனுப்பியிருந்தாள்.

அதற்கு அவனை விட்டால் ஆள் கிடையாது. பழைய ஸ்கூட்டர் வாங்கி விற்பதுதான் பிழைப்பு. கண்ணைக் கட்டிவிட்டாலும் சத்தத்தை வைத்தே கம்பெனியைச் சொல்லிவிடுவான். யார் வீட்டுக்காவது போனால், வாசலில் நிற்கிற வண்டி எந்த வருஷத்தது, எங்கே அடி வாங்கியது என்று ஆரம்பித்துவிடுவான். "போன எடத்துல உன் கடைய விரிக்காதடா" என்று அக்காதான் அதட்டுவாள்.

மாமாவின் ஓர்லா 110 ஸ்கூட்டர் அவன் கடையிலிருந்து போனது. சொந்த அக்காவும் மாமாவும் ஏறுகிற வண்டி என்று போல்ட் போல்ட்டாகக் கழற்றி மாட்டிக் கொடுத்திருந்தான்.

பயமாக இருக்கிறதா என்று யாராவது கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பான். பல் பிடுங்கப் போகும்போது ஊசி போடுவார்களே, அது உடம்பு முழுக்க ஏறினதுபோல் இருந்தது. கை மட்டும் தன் பாட்டுக்கு வேலை பார்த்தது.

கிக்கர் இடப்பக்கம். ஓர்லாவுக்கும் அப்படித்தான்.

பிரேக் டிரம். ஓர்லாவுக்கும் டிரம்தான்.

சீட் இருந்த இடத்தில் கருப்பாக என்னவோ கட்டி தட்டியிருந்தது. அதை அவன் தொடவில்லை.

பின்பக்கம் போய்க் குந்தினான். ஓர்லாவுக்குப் பின்னால் ஒரே ஒரு ஷாக் அப்சார்பர், இடப்பக்கம். இதிலும் இடப்பக்கம் இருந்தது.

கரியைத் துணியால் துடைத்துவிட்டு வலப்பக்கம் விரலைக் கொடுத்தான்.

அங்கேயும் ஒன்று இருந்தது.

இன்னொரு தரம் தடவினான். குனிந்து கண்ணாலும் பார்த்துக்கொண்டான். இரண்டு.

"டெல்ஃபின் 125 சார்" என்றான். "அதுலயும் ரெண்டாவது மாடல். மொதல்ல வந்ததுல சைலன்சர் மேல தூக்கியிருக்கும்."

போலீஸ்காரர் நிச்சயமா என்று கேட்டார். அடித்துச் சொன்னான்.

போன உயிர் திரும்பி வரும், நிம்மதியாக இருக்கும் என்று ஒரு நிமிஷம் அங்கேயே நின்றான். ஒன்றும் வரவில்லை. யார் பெற்ற பிள்ளையோ, இன்னும் சேதி போகாமல் வீட்டில் சமைத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள் என்று நினைத்தான். அதுவும் உறைக்கவில்லை. மாமா வரட்டும், போனை எதற்கு வைத்திருக்கிறீர் என்று நாலு கேள்வி கேட்க வேண்டும்.

வெளியே வந்தான். அக்கா எழுந்திருக்கவில்லை, முகத்தை மட்டும் தூக்கினாள்.

"நம்ம வண்டி இல்லக்கா."

அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "என்ன வண்டி?" என்றாள்.

"அதான் நம்மளது இல்லேங்கிறேனே. அது டெல்ஃபின்."

அக்காவுக்கு வண்டியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஏறி உட்காருவாள், இடம் வந்ததும் இறங்குவாள். பிரேக் எது ஆக்ஸிலேட்டர் எது என்றுகூடக் கேட்டதில்லை.

"பின்னாடி ரெண்டு பக்கமும் ஷாக் இருக்குமே" என்றாள். "குழியில எறங்குனாலும் தூக்கிப் போடாதே. அதுவா?"

அவன் கரி படிந்த தன் விரலைப் பார்த்தான்.

அவள் அழவில்லை. கடைக்குப் போய் வந்த கணக்கைச் சொல்வதுபோல, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"என் இடுப்பு வலிக்காக முந்தாநேத்துதான் பழசக் குடுத்துட்டு அத எடுத்தாரு. வேற கடையில எடுத்தது தெரிஞ்சா நீ மனசு சங்கடப்படுவியாம். பக்குவமா சொல்ற வரைக்கும் உன் கண்ணுல பட வேணாம்னு, பைபாஸ்ல சுத்திப் போனாரு."