நொச்சிப் புதர்ப் பறவை

"யாரும் மூச்சு விடாதீங்க! அதோ, கூவுது!"

பரசுராமன் கிசுகிசுத்தார். ஏரிக்கரை நொச்சிப் புதருக்கு அப்பாலிருந்து 'ட்வீ... ட்வீ... ட்வூ' என்று குரல் வந்தது.

பொன்னேரி வட்டார ஆசிரியர்களுக்கு இயற்கைப் பயிற்சி கொடுக்க வந்தவர் அவர். பறவை பார்த்தே தலை நரைத்தவருக்கு இந்தக் குரல் மட்டும் பிடிபடவில்லை. ஆள் தலைகால் புரியாமல் இருந்தார். புதுப் பறவை கண்டதாகப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அடிக்க வேண்டிய தந்திகூட மனசுக்குள் தயார்.

ஒரே தொல்லை, அஞ்சம்மாள் டீச்சர்தான். காலையோ மாலையோ, பறவை கூவினால் போதும், எழுந்து போய்விடுவார். உடனே அதுவும் வாயை மூடிக்கொள்ளும்.

இன்று முகாமின் கடைசி நாள். அஞ்சம்மாள் மெல்ல எழுந்தார்.

"தோ வந்துடறேன் சார். அந்தாண்ட போய்ப் பார்த்துக்கினு..."

"இன்னா டீச்சர், பேஜாரு பண்றீங்க! நீங்க போனாவே அது ஓடிடுது. இன்னிக்குப் போனீங்கன்னா சர்ட்டிபிகேட் கிடையாது!"

சொன்னால் செய்கிற மனுஷர். பேசக் கூடாது, பளிச்சென்று சேலை கூடாது, கைக்குழந்தையோடு வரக் கூடாது, பவுடர் வாசனை கூடாது என்று முதல் நாளே சட்டம் போட்டவர்.

அஞ்சம்மாளின் முகம் சுண்டிப்போனது. சர்ட்டிபிகேட் இருந்தால்தான் வேலை நிரந்தரமாகும். மறுபடி உட்கார்ந்தார்.

'ட்வீ ட்வீ ட்வூ! ட்வீ ட்வீ ட்வூ!' குரல் இப்போது அவசரமாக வந்தது.

அவ்வளவுதான். அஞ்சம்மாள் ஒரே ஓட்டமாகப் புதருக்குள் மறைந்தார்.

"போச்சு, எல்லாம் போச்சு!" பரசுராமன் பைனாகுலரோடு பின்னால் பாய்ந்தார்.

"சார், தெரியுதா?" என்று மரகதவல்லி டீச்சர் தூரத்திலிருந்து கேட்டார்.

நொச்சியை விலக்கிய பரசுராமன் திகைத்து நின்றார். எதிரே சைக்கிளோடு ஓர் ஆள், விசிலடித்த உதடு குவிந்தபடியே விழித்தான். மரத்தடியில், முந்தானைக்குள் கைக்குழந்தையை அணைத்துக்கொண்டு, கண்ணில் நீரோடு அஞ்சம்மாள்.

"எம் புள்ள புட்டிப்பாலைக் காட்டினாவே வீல்னு அழுவுறான் சார்," என்றான் அந்த ஆள் பயந்துபோய்.

பரசுராமன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சத்தமில்லாமல் திரும்பி வந்தார்.

"பார்த்துட்டேன். குஞ்சுக்கு இரை குடுத்துக்கினு இருக்குது," என்றார் மற்றவர்களிடம். "யாரும் அந்தாண்ட போகாதீங்க."