எபனேசரின் நாற்காலி

கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கியதும், வேலை போனவர்கள் பகலெல்லாம் வந்து படிக்க, நூலகத்தில் உட்கார இடம் போதவில்லை. ஆட்கள் வீட்டிலிருந்தே நாற்காலி சுமந்துவந்தார்கள். தையல்காரர் முக்காலியோடு வந்தார். கணக்கர் எபனேசர் தன் சுழல்நாற்காலியைத் தெரு நெடுகத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார். சாயங்காலம் எல்லாவற்றையும் அங்கேயே விட்டுப் போவார்கள்.

ஒரு திங்கட்கிழமை எபனேசர் வரவில்லை. செவ்வாயும் புதனும் வரவில்லை. அவர் வீடு யாருக்கும் தெரியாது. பல பேர் நின்றுகொண்டே படித்தார்கள். ஒருவரும் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. நூலகர் செண்பகவல்லி காலையில் அதைத் துடைத்துவிட்டு வாசலைப் பார்ப்பார்.

வியாழன் மாலை, பூட்டுவதற்குச் சற்று முன் எபனேசர் வந்தார். கழுத்தில் புது அடையாள அட்டை தொங்கியது.

“எங்க சார் போனீங்க? எங்களுக்கு உசுரே போயிருச்சு!” ‘அமைதி காக்கவும்’ பலகைக்குக் கீழே நின்று செண்பகவல்லி கத்தினார்.

“வேலை கெடச்சிருச்சு மேடம். நாற்காலிய எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்.”

தையல்காரர் சிரித்துக்கொண்டே எழுந்து வழிவிட்டார். எபனேசர் நாற்காலியை வாசல்வரை தள்ளிக்கொண்டு போனார். அங்கே, அன்றுதான் முதல் தடவையாக வந்திருந்த ஒருவர், சாப்பாட்டுப் பையைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்று செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். எபனேசர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

“உக்காருங்க சார். இடது பக்கம் மட்டும் சாஞ்சுராதீங்க.”