பிரிண்டருக்கு முதல் போணி

“யஜமானரு வாங்கிக் குடுத்தாருப்பா. நீ குரூப்ல போட்டிருந்தியே, அதே மாடல்தான்” என்று சொல்லி, மேஜைமேல் இருந்த குட்டி பிரிண்டரைத் தடவிக் கொடுத்தாள் சுப்ரியா. வைஷ்ணவிக்கு அடிவயிறு பற்றிக்கொண்டது.

எரியாமல் என்ன செய்யும்? அந்த மாடலைத் தேடிக் கண்டுபிடித்தவளே அவள்தான். வீட்டுக் கடன் கேட்பவர்களின் வீட்டை நேரில் பார்த்து, வங்கிக்கு மதிப்பு எழுதிக் கொடுக்கிற அந்த மல்லேஸ்வரம் அலுவலகத்தில், ஊர் ஊராக அலைகிறவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். தும்கூரில் ஜெராக்ஸ் கடை தேடியும், ஹாசனில் கரண்ட் வருமா என்று காத்திருந்தும் வைஷ்ணவிக்குப் பாதிப் பொழுது போய்விடும்.

அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, பயணத்துக்கு ஏற்ற பிரிண்டர்களை அலசினாள். ஒன்று நல்ல லேசு, ஆனால் ஸ்கேன் கிடையாது. இன்னொன்றில் எல்லாம் உண்டு, பேட்டரியை மட்டும் தனியாக வாங்கித் தொலைக்க வேண்டும். மூன்றாவதுதான் அம்சமாக அமைந்தது. பிரிண்ட், ஸ்கேன், காப்பி மூன்றும் செய்யும், பேட்டரி உள்ளேயே இருக்கிறது, தோள்பையில் அடங்கும், விலையும் கையைக் கடிக்காது.

அதை அலுவலக குரூப்பில் போட்டு, ஒன்றே ஒன்று வாங்கித் தரும்படி முதலாளி சீனிவாசராகவனைக் கேட்டாள். “பாக்கலாம்மா” என்றவர், இரண்டு வாரமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். இப்போதல்லவா தெரிகிறது, யாருக்காகப் பார்த்தார் என்று!

வைஷ்ணவி திருவண்ணாமலையிலிருந்து வந்து எட்டு மாதமாக சுப்ரியாவுக்குப் பக்கத்து மேஜை. சுப்ரியாவின் குடும்பம் மூன்று தலைமுறையாக பெங்களூரில் இருக்கிற தமிழ்க் குடும்பம். தமிழும் கன்னடமும் கலந்துகட்டிப் பேசுவாள். கழுத்தில் தாலி கிடக்கிறது, புருஷனைப் பற்றி மட்டும் ஒருநாள்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. வாயைத் திறந்தால் யஜமானர் புராணம்தான்.

இவள் கையால் பிசிபேளே பாத் சாப்பிட்டால்தான் யஜமானருக்கு வயிறு நிறையுமாம். போன மாதம் தும்கூருக்கு யஜமானரே காரில் கொண்டுபோய் விட்டாராம். அறுபது வயசு முதலாளிக்கு இந்தக் கூத்தெல்லாம் தேவையா என்று வைஷ்ணவி எத்தனையோ நாள் பல்லைக் கடித்திருக்கிறாள்.

பிரிண்டர் போனால் போகட்டும். மைசூரில் புதுக் கிளை திறக்கிறார்கள். பொறுப்பு இருவரில் ஒருத்திக்குத்தான், யாருக்கு என்பதை அடுத்த வாரம் சொல்வதாக இருந்தது. அது கிடைத்தால் சம்பளம் கூடும், அம்மாவையும் தங்கையையும் கூட்டிவந்து வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள் வைஷ்ணவி. நாய் படாத பாடு பட்டவளுக்கு நாமம், சோறு கிளறிப் போட்டவளுக்கு மைசூரா? நினைக்க நினைக்க அவளுக்குத் தாங்கவில்லை. செல்போனை எடுத்து மளமளவென்று ராஜினாமாக் கடிதம் அடித்தாள்.

வேண்டியவர்களுக்குத் தனிச் சலுகை காட்டுகிற முதலாளியிடம் மானமுள்ளவர்கள் வேலை பார்க்க முடியாது என்பதுதான் கடிதத்தின் சாரம்.

அலுவலகத்துப் பெரிய பிரிண்டரில் மை தீர்ந்திருந்தது. வேறு வழியில்லாமல் சுப்ரியாவிடமே போய் ஒரு பக்கம் பிரிண்ட் கேட்டாள். உன்னுடையதுதான் முதல் போணி என்று அவள் வாயெல்லாம் பல்லாகச் சொல்ல, குட்டி பிரிண்டர் கடிதத்தைத் துப்பியது. அவள் படிப்பதற்குள் வெடுக்கென்று உருவிக்கொண்டாள் வைஷ்ணவி. சனியன், எழுத்து என்னவோ பளிச்சென்றுதான் விழுந்திருந்தது.

கடிதத்தை முதலாளியின் மேஜையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். சுப்ரியா பிரிண்டரைப் பையில் போட்டுக்கொண்டு வெளிவேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

கால் மணி நேரம் கழித்து, அதே கடிதத்தோடு முதலாளி அறையிலிருந்து வெளியே வந்தார் அவர் மனைவி அலர்மேல்மங்கை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு அலுவலகத்தில் தலைகாட்டுவது அவர் வழக்கம். கடிதத்தின் அடியில் ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று சீனிவாசராகவன் கோபமாகக் கிறுக்கிக் கையெழுத்தும் போட்டிருந்தார். முப்பது வருஷத்தில் தன்னை யாரும் இப்படிச் சொன்னதில்லை என்று உள்ளே குதித்துக்கொண்டிருக்கிறாராம்.

“அப்படி யாருக்கும்மா சலுகை காட்டிட்டார் இவர்?” என்று கேட்டார் மாமி.

பாவம், இந்த மாமிக்கு ஒன்றுமே தெரியாது என்று வைஷ்ணவிக்கு இரக்கம்கூட வந்தது. ஆனால் வயிற்றெரிச்சல் முந்திக்கொண்டது. பிசிபேளே பாத், கார், பிரிண்டர் என்று ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தாள்.

மாமியின் முகம் மாறியது. இதெல்லாம் உனக்கு யார் சொன்னது என்று கேட்டார்.

“நானா ஒண்ணும் கட்டிச் சொல்லல மாமி. எல்லாம் யஜமானரு செஞ்சாருன்னு சுப்ரியாவே அவ வாயால சொன்னா.”

மாமி கடிதத்திலிருந்த கையெழுத்தைப் பார்த்தார், வைஷ்ணவியைப் பார்த்தார். பிறகு கடிதத்தை மெதுவாக அவள் கையில் வைத்தார்.

“அசடே, கன்னடத்துல யஜமானருன்னா புருஷன்.”