செல்வரட்ணத்தின் சிவந்த வாய்

செல்வரட்ணத்துக்குக் கன்னத்துக்குள் புற்றுநோய்க் கட்டி வெட்டி மூன்று மாதம்கூட ஆகவில்லை. மனுசன் சென் ஜேம்ஸ் ரவுணில், தன் அடுக்குமாடிக் கட்டடத்து வாசலில், வாய் சிவக்கச் சப்பிக்கொண்டு நின்றார்.

பார்த்த அருள்நாயகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செல்வரட்ணத்தின் மகள் சுபாங்கிக்குச் சம்பந்தம் பேசிக் கொடுத்தவர் அவர்தான். இன்னும் பத்து நிமிடத்தில் மாப்பிள்ளையின் தாய் மார்க்கம் நகரிலிருந்து வந்துவிடுவார்.

“வெக்கமில்லையோ அண்ணை? துப்புங்கோ.”

செல்வரட்ணம் துப்பவில்லை. மற்றக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டார்.

“ஏற்கெனவே கதை நாறிப்போய்க் கிடக்குது. கட்டித் துண்டை ஆராய்ச்சிக்குக் குடுத்தனான், ஜீனிலை அடையாளம் பாக்கினம் எண்டு ஆரிட்டைச் சொன்னனியள்?”

“ஜீனுக்கு மேலை ஒட்டிக் கிடக்கிற அடையாளமாம். அதை வைச்சுக் கட்டி திரும்பி வருமோ எண்டு சொல்லலாமோ எண்டு பாக்கினம். இன்னும் டொக்டருக்கே சரியாத் தெரியாது.”

“மேலையோ கீழையோ, எங்கடை சனத்துக்கு ஜீன் எண்டாப் பரம்பரை. பரம்பரை வருத்தக்கார வீட்டிலை பொம்பிளை எடுக்கேலாது எண்டு சொல்லத்தான் பாலேஸ்வரி அக்கா வாறா. இனி இந்த வாயையும் பாத்தாவெண்டால் சரி.”

சொல்லி வாய் மூடவில்லை, கார் வந்து நின்றது.

பாலேஸ்வரி சொல்ல வேண்டியதை வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். செல்வரட்ணத்தின் வாயைக் கண்டதும் எல்லாம் மறந்துபோனது.

“இதென்ன அண்ணை, வெத்திலையோ?”

“ஓம். விடேலாமல் கிடக்குது.”

“எவ்வளவு காலமா?”

“முப்பது வருசம் வரும். புகையிலையோடை.”

அருள்நாயகத்தின் மானம் கப்பலேறியது. லிப்ற் வந்தால் ஏறி ஓடிவிடலாம் என்று பார்த்தார். அதுவும் வழக்கம்போல் பழுது.

பாலேஸ்வரி பிடித்த பிடியில் கால் மணித்தியாலம் விடவில்லை. “குமர்ப்பிள்ளையை வைச்சுக்கொண்டு செய்யிற வேலையோ இது? வருத்தத்தைக் காசு குடுத்தெல்லோ வாங்கியிருக்கிறியள்.”

செல்வரட்ணம் தலையைக் குனிந்துகொண்டு அத்தனையையும் வாங்கினார்.

கடைசியில் பாலேஸ்வரி பெருமூச்சு விட்டார். “நான் பரம்பரையாக்கும் எண்டு பயந்துபோனன். தேப்பன் ஆடின கூத்துக்குப் பிள்ளை என்ன செய்யும்? தையிலையே கலியாண நாளை வைப்பம்.”

கார் போனது. அருள்நாயகத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. ரிசுத் தாளை நீட்டினார்.

“பிள்ளைக்காக எண்டாலும் இந்தச் சனியனை விடுங்கோ அண்ணை. துப்புங்கோ.”

செல்வரட்ணம் சமர்த்தாகத் துப்பினார். அருள்நாயகம் உற்றுப் பார்த்தார். வெற்றிலையும் இல்லை, பாக்கும் இல்லை.

“இது பீற்றூட் எல்லோ?”

“அவிச்சது. வெத்திலையை நான் என்ரை கலியாணத்திலைகூட வாயிலை வைக்கேல்லை.”

அருள்நாயகத்துக்குச் சிரிப்பு வந்தது. “ஏன் அண்ணை இந்தப் பழியும் பேச்சும்? இது பிள்ளையளுக்குப் போகாது எண்டு டொக்டரிட்டை ஒரு கடிதம் வாங்கிக் காட்டியிருக்கலாமே.”

செல்வரட்ணம் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“போன கிழமையே வாங்கி அவவுக்கு அனுப்பினனான். அதிலை ஜீன் எண்ட சொல்லை வாசிச்சுப்போட்டுத்தான், இண்டைக்கு வேண்டாம் எண்டு சொல்ல வெளிக்கிட்டவ.”