வாரிசுகளின் சம்மதம்

எரிவாயுக் குழாய் வரவிருந்த பாதையில், செங்கோடன் அண்ணனின் மஞ்சள் காட்டுக்குள் ஒரு தாழி கிடைத்தது. உள்ளே மனித எலும்புகள். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“அப்போ குழாய் என் காட்டுக்குள்ள வராதில்லீங்க அம்மணி?”

நில ஆய்வுக்குப் போயிருந்த நான், எலும்புக்கூட்டின் பல்லில் ஒரு துகளைச் சுரண்டிக் கருவியில் போட்டபடியே அவருக்கு ஆசையாக விளக்கினேன். இந்த ஒரு துகள் போதும். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பு செத்தவரின் வாரிசுகள் இன்று யார் யார் என்று தெரிந்துவிடும். அத்தனை பேரின் கைபேசிக்கும் உடனே கேள்வி போகும். பாதிப் பேர் மறுத்தால் குழாய் வேறு வழியில் போகவேண்டும்.

“பாட்டன் எலும்பு மேல குழாய் போட எவனுங்க ஒத்துக்குவான்?” என்று சிரித்தார்.

மறுநாள் முடிவு வந்தது. வாரிசுகள் பதினோராயிரம் பேர். மறுத்தவர்கள் ஆறு பேர். மற்ற எல்லோரும் தாழியின் படத்தைக்கூடத் திறக்காமல், ஒன்றிரண்டு நொடியில் சம்மதத்தை அழுத்தியிருந்தார்கள்.

“தூ! மனுசனுகளா இவனுக? பேரைக் காட்டுங்க அம்மணி, தேடிப் போயி மூஞ்சில துப்பறேன்.”

பட்டியலைத் திறந்தேன். பதில் வந்த வரிசையில் இருந்தது. முதல் பெயர் என்னுடையது.

நேற்று இதே வரப்பில் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, கைபேசித் திரையை மறைத்த ஏதோ கேள்வியை நான் படிக்காமலே எரிச்சலுடன் அழுத்தித் தள்ளியது நினைவுக்கு வந்தது. பட்டியலை மூடிவிடலாமா என்று தோன்றியது.

கைபேசியை அவர் பக்கம் திருப்பினேன்.